மூன்றாவது தலையணை

எங்கள் செருப்புக் கடையில் அவளுக்குக் கரண்டியக்கா என்று பெயர். ஷூவுக்குள் குதிகாலை நழுவவிடுவதற்கு ஒரு வளைந்த தகடு இருக்குமே, அதைக் கடையில் நாங்கள் கரண்டி என்போம். அது எந்நேரமும் அக்காவின் இடுப்பில் செருகியிருக்கும். பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. முதலாளி உட்பட எல்லோருக்கும் அவள் கரண்டியக்காதான்.

செருப்புக் கடை வேலை என்றால் விற்பது, பில் போடுவது என்றுதான் வெளியே நினைப்பார்கள். உண்மையில் அது குனிகிற வேலை. வாடிக்கையாளர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு எதிரே முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு முக்காலியில் நாம் உட்கார வேண்டும். காலைத் தூக்கிப் பிடித்து, நாடா கட்டி, அழுத்திப் பார்த்து, அவிழ்த்து, வேறு ஜோடி வேண்டுமென்றால் ஏணியில் ஏறி மேல்தட்டில் தேடி, இறங்கி, திரும்பவும் குனிய வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரமே இடுப்பு விண்டு போயிற்று. அக்கா கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். இப்போது அவள் மகளே படித்து முடித்து வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவ்வளவு காலம் அந்த முக்காலி.

அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் காலை வைத்தபடியே பக்கத்தில் இருப்பவரை விரட்டி விரட்டி ஓட்ட வைப்பதால் அவருக்கு பிரேக் சார் என்று பெயர். எங்கள் பக்கத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். குடிப்பழக்கம் கிடையாது. கை நீட்டியது கிடையாது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அதுதான் அக்காவுக்கு வந்த வினை. குடித்துவிட்டு வந்து ரகளை செய்கிறவராக இருந்தால் நாலு பேர் அக்கா பக்கம் நின்றிருப்பார்கள். எல்லோரையும் சிரிக்க வைக்கிற மனிதரைப் பற்றி யாரிடம் போய்க் குறை சொல்வது?

அவர்கள் வீட்டுக் கட்டில், கணவரின் அக்கா புதுக்கட்டில் வாங்கியபோது தூக்கிக் கொடுத்தது. மெத்தையும் கூடவே வந்தது. வரும்போதே நடுவில் குழி விழுந்திருந்தது. பிரேக் சார் கனத்த உடம்புக்காரர். குழியில் அவர் படுத்துவிட்டால் மிச்சமிருப்பது சரிவுதான். அக்கா அந்தச் சரிவின் விளிம்பில், குப்புறப் படுத்து, ஒரு முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தூங்குவாள். சட்டத்தை ஒரு கையால் பிடித்திருப்பாள். விட்டால் அவர்மேல் உருண்டு போய் விழ வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு தூங்குவது போல அது ஒரு தூக்கம்.

முதலில் கழுத்து. மேல்தட்டுப் பெட்டியை அண்ணாந்து பார்க்க முடியவில்லை. பிறகு கை. நாடா கட்டும்போது விரல் நுனிகள் மரத்துப் போய், முடிச்சு விழுந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். கடைசியில் இடுப்பு. காலையில் எழுந்ததும் நிமிர முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போவாள். கணவரிடம் சொன்னாள். அவர் சொன்ன பதிலை அக்கா எனக்கு அப்படியே ஒப்பித்துக் காட்டினாள்.

“நாள் பூரா உக்காந்தே இருக்கிற உனக்கு எங்கிருந்து முதுகு வலி வருது? நடிக்காத.”

முதலாளியின் மனைவிதான் கட்டாயப்படுத்தி அவளைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்த அம்மா ஒல்லியானவர், சிரிக்கவே சிரிக்காதவர். என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று கேட்பார் என எதிர்பார்த்துப் போன அக்காவிடம் அவர் முதலில் கேட்டது, “எப்படித் தூங்குறீங்க? படுத்துக் காட்டுங்க.” அக்கா மேசையில் குப்புறப் படுத்துக் காட்டினாள். அந்த அம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. குப்புறப் படுத்தால் மூச்சுவிடுவதற்காகக் கழுத்தை ஒரு பக்கம் முறுக்கித்தானே வைக்க வேண்டும், பகலில் அப்படிக் கொஞ்ச நேரம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தாங்க முடிகிறதா என்று கேட்டார். வயிறு மெத்தைக்குள் இறங்கும்போது நடுமுதுகும் கூடவே தொங்குகிறது என்றார்.

பிறகு சொல்லிக் கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, இரண்டுக்கும் நடுவில் ஒரு தலையணை. அது இல்லாவிட்டால் மேல்கால் கீழே சரிந்து இடுப்பை இழுத்துக்கொண்டு போகும். தலைக்கு வைக்கிற தலையணை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அடைக்கிற உயரம் இருந்தால் போதும். அதிகமானாலும் கழுத்து வளையும், குறைந்தாலும் வளையும். மல்லாந்து படுத்தால் தாழ்ந்த தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று. எழும்போது வெடுக்கென்று எழுந்து உட்காராமல், பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

அக்கா அன்று சாயங்காலமே தலையணை வாங்கக் கிளம்பினாள். நானும் போனேன். அளவு பார்க்காமல் வாங்குகிற ஆளா அவள்? கடைக்காரர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, பாருங்கள் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்றார். மெத்தென்று இருப்பது தலை வைத்ததும் அப்பளமாக அமுங்கிவிடும், அமுங்கின பிறகு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று காட்டுங்கள் என்றாள் அக்கா. சுவரோரம் நின்று, தோளைச் சுவரில் சாய்த்து, ஒவ்வொரு தலையணையாகக் காதுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். எனக்கே வெட்கமாக இருந்தது, அவளுக்கு இல்லை. கடைசியில் தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் மார்போடு அணைத்தபடி வெளியே வந்தாள். தனக்கென்று அவள் ஒரு பொருள் வாங்கி நான் பார்த்தது அன்றுதான்.

பிரேக் சாருக்கு அது அல்வாவாகப் போயிற்று. முழங்கால் தலையணைக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தார். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இப்ப ஒரு சக்களத்தி வந்து படுத்திருக்கா என்று கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் சொன்னார். எங்கள் முதலாளியிடம் சொன்னார். ஒரு விடுமுறை நாள் மதியம் அவருடைய அக்கா, அக்கா வீட்டுக்காரர், கரண்டியக்காவின் அண்ணன், அண்ணி எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தபோது உள்ளே போய் அந்தத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்துத் தரையில் படுத்து, கால் நடுவில் செருகி, ஐயோ என் டிஸ்க்கு, ஐயோ என் தண்டுவடம் என்று பெண்குரலில் முனகிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் சொந்த அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்கா அப்போது எல்லோருக்கும் டீ போட்டுத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தவள், நடுக்கூடத்தில் நின்றாள். வழியில் கணவர் படுத்திருந்ததால் அவளால் தாண்டவும் முடியவில்லை.

இதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றுவிடும், முதுகு தேறிவிடும் என்று நினைத்தாள். ஆனால் சில நாளில் முழங்கால் தலையணை காணாமல் போயிற்று. அலமாரி, கட்டிலடி, துவைக்கிற துணி மூட்டை எல்லாம் தேடினாள். கணவரைக் கேட்டதற்கு, உன் சக்களத்தி கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிருப்பா என்றார்.

எங்கள் கடை சிக்னலை ஒட்டி இருக்கிறது. கண்ணாடிச் சுவர் வழியே, நிற்கிற வண்டிகள் எல்லாம் தெரியும். மறுநாள் அக்கா ஒரு பெரியவர் காலைப் பிடித்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு விழுந்தது. பயிற்சி வண்டி வந்து எங்களுக்கு நேர் எதிரே நின்றது. ஓட்டிக்கொண்டிருந்தது குள்ளமான ஒரு பெண். ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிவதற்காக அவள் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நீலப் பூப்போட்ட உறை. அக்கா தன் கையால் தைத்த உறை. பக்கத்தில் பிரேக் சார். அவர் எங்களைப் பார்த்துவிட்டார். மறைக்கவெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். பச்சை விழுந்ததும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளிக் கிளம்பிப் போயிற்று.

பெரியவர் “ஆ” என்று காலை இழுத்துக்கொண்டார். அக்கா நாடாவை அவ்வளவு இறுக்கியிருந்தாள்.

அன்று வீட்டில் அவர் சொன்ன சமாதானம், அந்தப் பெண்ணுக்கு ரோடே தெரியவில்லை, கடைக்குப் போனால் வேறு கிடைக்காதா, ஒரு தலையணைக்கா இந்தப் பாடு என்பது. அக்கா மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம்தான் பேசினாள். அழவில்லை. குரல்கூட உயரவில்லை.

“இவரு படணும். நான் பட்டதை அப்படியே படணும். பக்கத்துல இருந்து நான் அதைப் பாக்கணும்.”

அந்த வாரமே அக்கா மகளுடைய அறைக்கு மாறினாள். அங்கே ஒற்றைக் கட்டில் இருந்தது. புதிதாக ஒரு கெட்டி மெத்தை, முழங்காலுக்கு இன்னொரு தலையணை. உள்ளே தாழ்ப்பாள். பிரேக் சார் இதையும் ஊருக்குச் சொன்னார். வயசான காலத்துல என்னைத் தள்ளி வச்சுட்டா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் மூக்கைச் சிந்துவதுபோல் நடித்தார். அவளுடைய அண்ணன் புத்தி சொல்லக் கடைக்கே வந்துவிட்டார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், அதற்காக அறையை மாற்றிக்கொண்டு போவதா, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். அக்கா அவர் காலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, அன்னிக்குச் சிரிச்சீங்கல்ல, அதே மாதிரி சிரிச்சிட்டுப் போயிடுங்க. புத்தி சொல்ற வேலை உங்களுக்கு வேணாம்.”

அவர் அதற்குப் பிறகு எங்கள் கடையில் செருப்பு வாங்கவில்லை.

அக்கா தேறினாள். ஒரேயடியாக இல்லை, மெல்ல மெல்ல. முதலில் காலையில் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். பிறகு விரல்களுக்கு உணர்ச்சி வந்தது. ஒருநாள் மேல்தட்டைப் பார்த்து, அந்தக் கறுப்புப் பெட்டியை யார் தலைகீழாக வைத்தது என்று கேட்டாள். அவள் அண்ணாந்து பார்க்கிறாள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

அங்கே பிரேக் சார் பள்ளத்தில் தனியாகப் படுத்திருந்தார். இரண்டு தலையணையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தாடை நெஞ்சில் குத்த, போனைப் பார்த்தபடியே தூங்கிப்போவார். காலையில் அக்கா அவர் அறை வாசலில் நின்று பார்த்தால் வாய் திறந்து, கழுத்து கொக்கி மாதிரி வளைந்து கிடப்பார். இந்தக் கழுத்து ரொம்ப நாள் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் காலை டீ குடிக்கும்போது அவர் பிடரியைத் தேய்த்துக்கொண்டு, கழுத்து பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். அக்கா டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்கி முடிக்கும்வரை யோசித்தேன் என்று என்னிடம் சொன்னாள். கலக்கி முடித்ததும் எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டில் கிடந்த ஒரு பழைய தலையணையை எடுத்தாள். பஞ்சு இறுகிச் செங்கல்லாய் ஆகியிருந்தது அது. தட்டி, நல்ல உறை மாட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“உயரம் பத்தலை போல. இன்னொண்ணு வச்சுக்கோங்க.”

பிரேக் சாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பொண்டாட்டி வழிக்கு வந்துட்டா, இப்ப தலையணையெல்லாம் கொண்டுவந்து தர்றா என்று அன்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்று முதல் மூன்று தலையணை.

சாப்பாட்டு நேரத்தில் தினமும் எனக்குச் செய்தி வரும். இன்றைக்கு வலது பக்கம் திரும்ப முடியவில்லை. இன்றைக்குச் சட்டையைத் தலைவழியாகக் கழற்ற முடியாமல் பாதியில் நின்றார். இன்றைக்குக் கையில் ஏதோ எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறதாம். சொல்லிவிட்டு அக்கா ருசித்துச் சாப்பிடுவாள். முன்பெல்லாம் பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறவள். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

“நீங்க சொல்லிடலாமேக்கா, தலையணையைக் குறைங்கன்னு” என்றேன்.

“சொல்லலாம்” என்றாள். டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் அவள் மறைக்கவில்லை. கட்டிலில் குழி பெரிதாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமா என்று அவரே ஒருநாள் கேட்டிருக்கிறார். உங்க அக்கா ஆசையா குடுத்தது, தூக்கிப் போட்டா அவங்க மனசு என்ன பாடுபடும் என்று அக்கா தடுத்துவிட்டாள். அவருக்கு மனம் நெகிழ்ந்துபோய்விட்டதாம். நாத்தனாரிடம் இவ்வளவு பாசமா என்று.

பிறகு ஒருநாள் பயிற்சிப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அது நடந்தது. கற்றுக்கொள்ள வந்த ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டும். பிரேக் சார் திரும்பினார், கழுத்து பாதியிலேயே நின்றுவிட்டது. வா, வா, வரலாம் என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டி பள்ளியின் பெயர்ப்பலகைக் கம்பத்தில் போய் மோதியது. யாருக்கும் அடியில்லை. பலகைதான் சாய்ந்துவிட்டது. பிரேக் சாருக்கே பிரேக் பிடிக்கலையாம் என்ற பேச்சு, அவர் வீடு போய்ச் சேருவதற்கு முன் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது. அக்கா பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் போனாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குச் சில நாள் கழித்து, காலையில் அவரால் எழ முடியவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். அவள் வேலைக்குக் கிளம்பி, தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். எந்திரிக்க முடியல, தலையைத் தூக்கினா உயிர் போகுது என்றார்.

“நாள் பூரா உக்காந்தே இருக்கிற உங்களுக்கு எங்கிருந்து வலி வருது?” என்றாள் அக்கா. “நடிக்காதீங்க.”

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கடைக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் பிறகு அவரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். அன்று அக்கா வியாபாரத்தில் பின்னியெடுத்தாள். ஒரு ஜோடி வாங்க வந்தவர்கள் மூன்று ஜோடி வாங்கிக்கொண்டு போனார்கள்.

விடுமுறை நாளில் சொந்தக்காரர்கள் எல்லோரும் நலம் விசாரிக்க வந்தார்கள். கணவரின் அதே அக்கா, அதே மச்சான்கள். பிரேக் சார் கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் மரப்பாச்சி மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்து, கூடத்துத் தரையில் படுத்தாள். தலைக்கடியில் மூன்று தலையணை. ஆண்குரலில், ஐயோ எந்திரிக்க முடியலையே, ஐயோ உயிர் போகுதே என்று முனகினாள். நன்றாகவே நடித்தாளாம். வண்டிக்குள் கை ஆட்டுகிற மாதிரிகூட ஆட்டிக் காட்டியிருக்கிறாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கணவரின் அக்கா மட்டும், “என்ன பொம்பளம்மா நீ” என்றார்.

அக்கா புரண்டு, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். “இதே இடம்தான் அண்ணி. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்க. இன்னிக்கு ஏன் யாருக்கும் சிரிப்பு வரல?”

அவள் அண்ணன் டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் அவரவர் வீட்டில் வேலை ஞாபகம் வந்துவிட்டது.

பிசியோதெரபிக்கு அவரை அழைத்துப் போனது அக்காதான். தானாகவே கூடப் போனாள், ஒரு வார்த்தை தவறவிடக் கூடாது என்று. அந்த ஒல்லி அம்மா முதலில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். மூன்று தலையணை என்றார் கணவர்.

“யாரு மூணு வைக்கச் சொன்னது?”

“வீட்டுலதான்” என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. அக்காவும் கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பாடத்தை ஆரம்பித்தார். ஒருக்களித்துப் படுக்க வேண்டும், தோளளவு உயரம், முழங்காலுக்கு நடுவில் ஒன்று, படுத்துக்கொண்டு போன் பார்க்கக் கூடாது, குழி விழுந்த மெத்தையை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். அதே சொற்கள்.

திரும்பி வரும்போது வாடகை வண்டியில் நடந்ததைத்தான் அக்காவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பிரேக் சார் புதிதாகக் கற்றுக்கொண்டதை அவளுக்கு விளக்க ஆரம்பித்தார். தலையணையின் உயரம் எவ்வளவு முக்கியம் என்று சொன்னார். பிறகு கேட்டார்: “முழங்காலுக்கு நடுவுல ஒரு தலையணை வைக்கணுமாம். உனக்குத் தெரியுமா?”

கேலியில்லை. உண்மையாகவே கேட்டார். அவர் அதையெல்லாம் மறந்துவிட்டிருந்தார். பெயர் வைத்ததை, தரையில் படுத்து முனகியதை, சிக்னலில் கை ஆட்டியதை. அக்கா ஒவ்வொன்றையும் உள்ளே தீட்டித் தீட்டி வைத்திருந்தாள், அவருக்கு அதில் ஒரு கீறல்கூட இல்லை. என் பழி எல்லாம் வீணாப்போச்சேன்னு வயிறு எரிஞ்சுது என்றாள் என்னிடம். எதற்காகத் தண்டனை என்றே தெரியாதவனைத் தண்டித்து என்ன பிரயோஜனம்? அதனால் அங்கேயே சொன்னாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் இதையும்.

“மூணாவது தலையணையை நான் வேணும்னேதான் குடுத்தேன். உங்க கழுத்து போகும்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

அவர் திரும்பிப் பார்க்க விரும்பினார். கழுத்து வராததால் இருக்கையில் உடம்பை முழுசாகத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு, “அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொன்னேன். நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க.”

வண்டி ஓட்டியவர் வேகத்தைக் குறைத்துவிட்டார், ஒரு சொல்லும் விட்டுப்போகாமல் கேட்பதற்காக. அவரும் பிரேக் சாரிடம் கற்றவர்தான். இது ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அதன்பிறகு பிரேக் சாரைப் பயிற்சி வண்டியில் ஏற்றவில்லை. வகுப்பறையில் பலகைக்கு முன்னால் நின்று சாலைக் குறிகளை விளக்குகிற வேலை கொடுத்தார்கள். வலி வெகுவாகக் குறைந்தது. வலப்பக்கம் மட்டும் முழுதாகத் திரும்பாது. யாராவது அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் காலை மாற்றி வைத்து மொத்தமாகத் திரும்புவார். மன்னிப்பென்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் நாலு பேர் கூடியிருக்கும்போது மனைவியைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. சிரிப்புக் காட்டுவதே குறைந்துவிட்டது. அவர் இப்போது முன்போல் கலகலப்பாக இல்லை என்று சிலர் அக்காவிடமே வந்து வருத்தப்பட்டார்கள். அப்படியா, நான் கவனிக்கலையே என்பாள்.

அவருக்குச் சரியான தலையணையை அக்காதான் வாங்கிக் கொடுத்தாள். அவரைச் சுவரோரம் நிற்க வைத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் அளவெடுத்து, பார்த்துப் பார்த்து வாங்கினாள். மனசு இறங்கிடுச்சா அக்கா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்ல. பக்கத்து ரூம்ல ஒரு ஆளு முனகிட்டே கிடந்தா எனக்குத் தூக்கம் வராது.”

கட்டில் வாங்க வேண்டும் என்று தொடங்கியது அவர்தான். ஒருநாள் சாயங்காலம் அவள் அறை வாசலில் வந்து நின்று, கடையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அகலமானது, கெட்டி மெத்தை, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான், ஒரு எட்டு வந்து பார்க்கிறாயா என்றார். அக்கா மறுக்காமல் போனாள். கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி ஒருக்களித்துப் படுத்தாள். இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை; மெத்தை இடைவெளி விடாமல் தாங்கியது. கால் நீட்டினாள், அந்தப் பக்கம் புரண்டாள், இந்தப் பக்கம் புரண்டாள். இது நல்லாருக்கு, இதையே சொல்லிடுங்க என்றாள். கணவர் முகம் மலர்ந்துவிட்டதாம்.

மறுநாள் இரண்டு ஆட்கள் கட்டிலைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எந்த அறைக்கு என்று கேட்டார்கள். பிரேக் சார் தன் அறையைக் காட்டினார்.

“அங்க இல்ல, இந்தப் பக்கம் கொண்டாங்க” என்றாள் அக்கா, தன் அறை வாசலிலிருந்து.

அந்த அறையின் கதவு குறுகல். கட்டிலின் கால்களைக் கழற்றி, சட்டத்தைச் சாய்த்து, சுவரில் கீறல் விழாமல் நுழைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு மகளுடைய ஒற்றைக் கட்டிலை வெளியே எடுத்து அவர் அறையில் போட்டார்கள். அதுவும் கெட்டி மெத்தைதான், அவர் முதுகுக்கு ஒரு குறையும் வராது. குழிக்கட்டில் தெருவுக்குப் போயிற்று. எல்லாம் முடிகிறவரை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், ம், போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் கடையில் இதைச் சொல்லும்போது முகம் பளிச்சென்று இருந்தது. அவ்வளவு பெரிய கட்டிலில் எந்தப் பக்கம் படுத்தீர்கள் என்று கேட்டேன். நடுவில் என்றாள்.

“சார் ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லல. ஆளுங்க கட்டிலை உள்ள கொண்டு போறவரைக்கும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.”